சேப்பாக்கத்தில் நடக்காத மேட்ச்

மழைக்காலம் என்றால் எங்கள் சிட்லபாக்கத்தில் ஏரியைப் பற்றிப் பேசுவோம். கோடை என்றால் தண்ணி லாரியைப் பற்றிப் பேசுவோம். இரண்டும் இல்லாத ஒரு பதினைந்து நாள் இடைவெளி கிடைத்ததில், இந்த முறை ஒரு மேட்சைப் பற்றிப் பேசித் தீர்த்தோம். அந்த மேட்ச் நடக்கவில்லை, நடக்கவும் போவதில்லை. அதனால் என்ன? நடந்த மேட்சுகளுக்குக்கூட எங்கள் தெருவில் இவ்வளவு சண்டை வந்ததில்லை.

ஆரம்பித்து வைத்தவன் மாடி வீட்டு ப்ளஸ் ஒன் பையன். டி.வி.யில் பேஸ்கட்பால் கேம் ஆடிக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் லேக்கர்ஸின் ஆல் டைம் அணி, இன்னொரு பக்கம் சிகாகோ புல்ஸின் ஆல் டைம் அணி. கரீம் அப்துல் ஜப்பார் பந்தை கோபி பிரையன்ட்டுக்குக் கொடுக்கிறார். நிஜத்தில் கரீம் ஓய்வுபெற்றது 1989இல். கோபி ஆட வந்தது 1996இல். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தாத்தா, ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர், எண்பதைத் தொட்டவர், பேரன் இதைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ யாரை வேணும்னாலும் எந்தக் காலத்துலேர்ந்தும் கூட்டிட்டு வரலாமா?"

"ஆமா தாத்தா."

"அப்படின்னா நம்ம மெட்ராஸ் டீமையும் பாம்பே டீமையும் மோதவிடு பார்ப்போம்."

அந்த கேமில் ரஞ்சி டிராபி கிடையாது. ஆகவே வழக்கு ஏரிக்கரை வாக்கிங்குக்கு வந்தது. பத்திரிகையில் எழுதுகிறவன் என்ற ஒரே தகுதியில் என்னை அம்பயர் ஆக்கிவிட்டார்கள்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ரஞ்சிக் கோப்பையை மும்பை 42 முறை வென்றிருக்கிறது. நாம் இரண்டு முறை: 1954-55இல் மெட்ராஸ் என்ற பெயரில் ஒன்று, 1987-88இல் தமிழ்நாடு என்ற பெயரில் ஒன்று. 1958-59 தொடங்கி 1972-73 வரை பதினைந்து வருடம் தொடர்ச்சியாக பம்பாய்தான் சாம்பியன். இப்படிப்பட்ட அணியோடு கற்பனையிலாவது ஜெயிக்க முடியுமா என்பதுதான் தாத்தாவின் கேள்வி. அவருக்கு இதில் பழைய கணக்கு ஒன்றும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

விதிமுறை இல்லாமல் ஆட்டம் இல்லை. பேஸ்கட்பால்காரர்களே இதில் படாத பாடு படுகிறார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஜோர்டான், மேஜிக் ஜான்சன், லேரி பேர்டு எல்லாம் சேர்ந்து ஆடிய அமெரிக்க 'ட்ரீம் டீம்' எட்டு ஆட்டங்களையும் வென்றது. சராசரியாக நாற்பது புள்ளிகளுக்கு மேல் வித்தியாசம். 2012இல் லண்டன் ஒலிம்பிக்குக்குக் கிளம்பும் முன் கோபி பிரையன்ட், எங்கள் அணி அவர்களை ஜெயிக்கும் என்று சொல்லிவைத்தார். ஜோர்டான் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டதாகச் சொன்னார். யார் சரி? எந்த விதியில் ஆடுகிறோம் என்று முடிவு செய்யாமல் பதில் சொல்லவே முடியாது. ஜோர்டான் காலத்தில் எதிராளியைக் கையால் அழுத்தித் தடுக்க ஓரளவு இடம் கொடுத்தார்கள். 2004க்குப் பிறகு கறாராகிவிட்டார்கள். மூன்று புள்ளிக் கோடே என்.பி.ஏ.வுக்கு 1979-80இல்தான் வந்தது. அதற்கு முன்னால் அதே தூரத்தில் இருந்து போட்டவனுக்கு இரண்டு புள்ளிதான். அவனை இன்றைய ஆளோடு எப்படி நிறுப்பது?

கிரிக்கெட்டில் இந்தத் தொல்லை இன்னும் பெரிது. ஹெல்மெட் இல்லாத காலம், மூடாத பிட்ச், ரிவ்யூ கேட்க முடியாத காலம். அதனால் நாங்கள் மூன்றே விதி வைத்தோம். ஆட்டம் சேப்பாக்கத்தில், ஐந்து நாள். ரஞ்சி வாழ்க்கையின் பெரும்பகுதியை அந்த அணிக்கே ஆடியிருக்க வேண்டும். ஒவ்வொருவரையும் அவரவர் காலத்து ஆட்களோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். இரண்டாவது விதியால் ஜாகீர் கானை மும்பைக்குத் தர மறுத்துவிட்டேன். அவர் முதலில் பரோடா. பையன் முகம் சுருங்கியது. அவனுக்கு எதிரணியும் பலமாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஜெயித்தால் மதிப்பு. இந்த வயதில் அந்தப் புத்தி வந்திருப்பது நல்லதுதான்.

சரி, நம் அணி.

ஆரம்ப ஆட்டக்காரர்களில் சண்டையே இல்லை. 1983 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இரு அணியிலும் அதிக ரன் அடித்தவர் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த். அடித்தது 38தான், ஆனால் அந்த 38 இல்லையென்றால் லார்ட்ஸ் பால்கனியில் கபில்தேவ் கையில் கோப்பை இல்லை. மறுமுனையில் முரளி விஜய், 12 டெஸ்ட் சதம். ஒருவர் முதல் பந்திலேயே வீசுவார், இன்னொருவர் ஒரு மணி நேரம் விட்டுக்கொண்டே இருப்பார். மூன்றாவது டபிள்யூ.வி. ராமன். 1988-89 ரஞ்சி சீசனில் 1018 ரன். ரூசி மோடி 1944-45இல் வைத்திருந்த சாதனை அதோடு போனது. நான்காவது பத்ரிநாத். முதல்தர ஆட்டங்களில் பத்தாயிரம் ரன்னுக்கு மேல், டெஸ்ட் இரண்டே இரண்டு. ஐந்தில் கிருபால் சிங். 1955இல் ஹைதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட்டிலேயே சதம். கீப்பர் தினேஷ் கார்த்திக்.

இங்கே சி.டி. கோபிநாத் வெளியே நிற்கிறார். 1952இல் இதே சேப்பாக்கத்தில் இங்கிலாந்தைத் தோற்கடித்து இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றபோது அணியில் இருந்தவர். அவரை எடுக்காமல் விடுவதற்கு மனசு கேட்கவில்லை. வி.பி. சந்திரசேகரும் வெளியே, இரானி கோப்பையில் 56 பந்தில் சதம் அடித்த மனிதர். இந்தியாவுக்கு ஒரு டெஸ்ட்கூட ஆடாமல், ரஞ்சியில் வருடாவருடம் ரன் குவித்துவிட்டு ஓய்வுபெற்ற சரத்தும் வெளியே. ஆல் டைம் அணி போடுவது என்பது பதினொரு பேரைச் சேர்க்கிற வேலை என்று நினைத்து உட்கார்ந்தால், பேனா முழுக்க அடித்துத் தள்ளுவதிலேயே தீர்கிறது.

ஏழாவது இடத்துக்கு ஏ.ஜி. ராம்சிங். பையன் "யாரு?" என்றான். கிருபால் சிங்கின் அப்பா. 1934 நவம்பர் 4ஆம் தேதி, ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், சேப்பாக்கத்தில், மெட்ராஸும் மைசூரும். அந்த ஒரே நாளில் ஆட்டம் முடிந்துபோனது. இடக்கை சுழலில் ராம்சிங் எடுத்தது 11 விக்கெட். பேட்டிங்கும் தெரிந்தவர். ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. பிள்ளைகள் கிருபாலும் மில்கா சிங்கும் (ஓட்டக்காரர் அல்ல, இவர் வேறு) டெஸ்ட் ஆடினார்கள். எங்கள் அணியில் அப்பாவும் மகனும் சேர்ந்து ஆடுகிறார்கள். ரன் ஓடும்போது யார் யாரைக் கூப்பிடுவார்கள் என்பதை அவர்கள் குடும்பத்துக்கே விட்டுவிடுகிறேன்.

அடுத்து அஸ்வின். 106 டெஸ்ட், 537 விக்கெட், 6 சதம். மேற்கு மாம்பலத்துப் பையன். இதில் பேச என்ன இருக்கிறது?

இருந்தது. அஸ்வினும் ஆஃப் ஸ்பின், வேங்கடராகவனும் ஆஃப் ஸ்பின். ஒரே வேலைக்கு இரண்டு பேர் எதற்கு என்று பையன் கேட்டான். கேள்வி நியாயமானது. தாத்தாவுக்கு வந்த கோபத்தில் அன்று வாக்கிங் ஒரு சுற்றோடு முடிந்தது. வேங்கட் தன் வாழ்நாள் முழுக்க இதே கேள்வியைத்தான் கேட்டார். அப்போது எதிரே நின்றவர் பிரசன்னா. 'ஒரே வேலைக்கு ரெண்டு பேர் எதுக்கு' என்று சொல்லியே அவரை எத்தனையோ முறை வெளியே உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகும் 57 டெஸ்ட், 156 விக்கெட், முதல் இரண்டு உலகக் கோப்பைகளிலும் இந்தியாவின் கேப்டன், பிறகு 73 டெஸ்ட்டுகளில் அம்பயர். கல்லியில் பிடிப்பதற்காகவே எடுக்கலாம். கற்பனை அணியிலும் அவரை உட்கார வைக்க என்னால் முடியாது. ஆடுகிறார்.

பத்தாவது பெயரைத் தாத்தாதான் சொன்னார். வி.வி. குமார். பையன் உடனே போனை எடுத்துப் பார்த்தான்.

"ரெண்டே டெஸ்ட், தாத்தா. ஆல் டைம் டீம்ல எப்படி?"

அந்த போனில் இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: முதல்தர கிரிக்கெட்டில் 599 விக்கெட், விக்கெட்டுக்கு இருபது ரன்னுக்கும் குறைவாக. 1961இல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸிலேயே ஐந்து விக்கெட். அடுத்து இங்கிலாந்துக்கு எதிராக ஒன்று. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அழைப்பே வரவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் லெக் ஸ்பின் போட்டுக்கொண்டே இருந்தார், விக்கெட் எடுத்துக்கொண்டே இருந்தார். பிறகு சந்திரசேகர் வந்தார். கதவு நிரந்தரமாகச் சாத்தப்பட்டது.

இனி பம்பாய். இவர்களுக்கு அணி போடுவது கல்யாணப் பந்தியில் இலை போடுவது மாதிரி, இடம்தான் பத்தாது. கவாஸ்கர், விஜய் மெர்ச்சன்ட், வெங்சர்க்கார், டெண்டுல்கர், அஜித் வடேகர், உம்ரிகர், ஃபரூக் இன்ஜினியர், ரவி சாஸ்திரி, ரமாகாந்த் தேசாய், சுபாஷ் குப்தே. பத்து பேர். ரோஹித் சர்மாவுக்கே இடமில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மெர்ச்சன்டின் ரஞ்சி சராசரி 98.75. அச்சுப்பிழை இல்லை.

பதினொன்றாவது ஆள் பத்மாகர் ஷிவால்கர். இவர் இடக்கை சுழல். 589 முதல்தர விக்கெட். டெஸ்ட் எத்தனை? பூஜ்யம். பிஷன் பேடி இருந்த காலத்தில் பிறந்துவிட்டார், அதுதான் அவர் செய்த குற்றம்.

குமார் 599, ஷிவால்கர் 589. பத்து விக்கெட்டுதான் வித்தியாசம். இந்தியா சரியாகப் பயன்படுத்தாத இரண்டு சுழல் பந்துக்காரர்கள். இந்த இருவரும் எதிரெதிராகச் சேப்பாக்கத்தில் ஆடினால் எப்படி இருக்கும்? இதற்குக் கற்பனை தேவையில்லை. அந்த மேட்ச் நடந்திருக்கிறது.

1972-73 ரஞ்சி இறுதிப் போட்டி. பந்து முதல் நாளே திரும்பியது. குமாரும் வேங்கட்டும் இருக்கிற ஊரில் பிட்ச் திரும்பினால் யாருக்கு லாபம் என்று ஊரே நினைத்தது. நினைத்தபடியே பம்பாய் 151க்குச் சுருண்டது. மெட்ராஸ் முழுக்க அன்று ராத்திரி கோப்பையைக் கையில் வாங்கிவிட்டது. பிறகு ஷிவால்கர் வந்தார். 16 ரன் கொடுத்து 8 விக்கெட். தமிழ்நாடு 80. திரும்பவும் நம்மவர்கள் பம்பாயை 113க்கு உருட்டினார்கள். திரும்பவும் ஷிவால்கர், 18 ரன்னுக்கு 5. மறுமுனையில் சோல்கரும் ஐந்து. தமிழ்நாடு 61. பம்பாய்க்கு 123 ரன் வித்தியாசத்தில் வெற்றி. தொடர்ந்து பதினைந்தாவது கோப்பை.

அந்தக் கடைசி விக்கெட் மூன்றாம் நாள் முதல் பந்தில் விழுந்தது. எங்கள் தாத்தா முதல் இரண்டு நாளும் ஆபீஸில் இருந்து ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாளுக்கு லீவு எழுதிக் கொடுத்திருந்தார். காலையில் கையில் தயிர்சாதத்தோடு போய் உட்கார்ந்தார். ஒரு பந்து பார்த்தார். பத்து மணி வாக்கில் என்ன செய்வதென்று தெரியாமல் பீச்சில் உட்கார்ந்து தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினாராம். ஐம்பது வருடம் தாண்டியும் ஷிவால்கர் என்ற பெயரை அவர் மரியாதையோடுதான் சொல்கிறார். ஆனால் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு.

காகிதத்தில் போடுகிற அணி களத்தில் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு சாட்சியும் இருக்கிறது. 2005இல் ஐ.சி.சி. உலக லெவனை ஒன்று சேர்த்து ஆஸ்திரேலியாவோடு மோதவிட்டது. சேவாக், திராவிட், லாரா, காலிஸ், இன்சமாம், ஃப்ளின்டாஃப், முரளிதரன் என்று பெயரைப் படித்தாலே மூச்சு வாங்கும். மூன்று ஒருநாள் ஆட்டத்திலும் தோல்வி. சிட்னி டெஸ்ட்டில் 210 ரன்னில் தோல்வி. நேற்று வரை எதிரெதிராக ஆடியவர்கள் இன்று ஒரே டிரஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்தால் யாருக்காக ஆடுகிறோம் என்பது எப்படித் தெரியும்?

கம்ப்யூட்டரிடம் கேட்கலாமே என்றான் பையன். அதையும் செய்து பார்த்துவிட்டார்கள், இவன் அப்பா பிறப்பதற்கு முன்னாலேயே. குத்துச்சண்டையில் ராக்கி மார்சியானோவும் முகமது அலியும் மோதியிருந்தால் யார் ஜெயிப்பார் என்று 1969இல் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, இருவரையும் ஸ்டூடியோவில் நிற்கவைத்து விதவிதமான முடிவுகளைப் படம் பிடித்தார்கள். 45 வயது மார்சியானோ இதற்காக எடை குறைத்து, தலைக்கு விக் வைத்துக்கொண்டு வந்தார். படம் தியேட்டருக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. விமான விபத்தில் போய்விட்டார். அமெரிக்காவில் காட்டிய படத்தில் பதின்மூன்றாவது ரவுண்டில் மார்சியானோ நாக் அவுட் செய்கிறார். இங்கிலாந்தில் காட்டியதில் அலி ஜெயிக்கிறார். கம்ப்யூட்டருக்கும் டிக்கெட் வாங்குகிறவர் யார் என்று தெரிந்திருக்கிறது.

ஆக, தீர்ப்பை நான்தான் சொல்ல வேண்டும்.

வான்கடேயில் ஆடினால் பத்துக்கு எட்டு பம்பாய். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சேப்பாக்கத்தில்? நம்மிடம் அஸ்வின், வேங்கட், குமார், ராம்சிங் என்று நான்கு சுழல். நான்காவது இன்னிங்ஸில் இவர்களை ஆடுவது எந்த பேட்டிங்குக்கும் தலைவலிதான். ஆனால் எதிரே நிற்பவர்கள் சேப்பாக்கம் தெரியாதவர்களா? 1983இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஸ்கோர்போர்டில் ரன்னே இல்லாமல் இரண்டு விக்கெட் போன பிறகு இறங்கி கவாஸ்கர் 236 நாட் அவுட் அடித்தது இங்கேதான். 1998இல் ஷேன் வார்னை டெண்டுல்கர் புரட்டி எடுத்து 155 நாட் அவுட் அடித்ததும் இங்கேதான். அதற்காக அவர் பயிற்சி எடுத்தது யாருடைய லெக் ஸ்பின்னில்? நம் சிவராமகிருஷ்ணனின் பந்தில்! எதிரியைத் தயார் செய்து அனுப்புவதிலும் நாம் தாராளம்.

என் கணக்கு இது: டாஸ் நாம் ஜெயித்து முதலில் ஆடி 300ஐத் தாண்டினால் தமிழ்நாடு. டாஸ் தோற்றால் பம்பாய். ஷிவால்கருக்கு நான்காவது இன்னிங்ஸில் பந்து கொடுக்கக் கூடாது, எங்கள் வியூகம் மொத்தமும் அவ்வளவுதான். தாத்தாவுக்கு இது போதவில்லை. "டாஸ் நாமதான்னு எழுதிடேன்" என்றார். அம்பயருக்கு அந்த அதிகாரம் இல்லை.

கேப்டன் விஷயம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. வேங்கட் என்று எழுதியிருக்கிறேன், அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் பாருங்கள், நாம் வென்ற இரண்டு கோப்பைகளில் ஒன்றுகூட வேங்கட் தலைமையில் வந்ததல்ல. 1954-55இல் இந்தூருக்குப் போய், ஹோல்கர் அணியை அவர்கள் மண்ணிலேயே 46 ரன்னில் தோற்கடித்தபோது கேப்டன் பாலு அழகண்ணன். 1987-88இல் சேப்பாக்கத்தில் ரயில்வேயை வென்றபோது கேப்டன் எஸ். வாசுதேவன். இருவருமே இந்தியாவுக்கு ஒரு டெஸ்ட்கூட ஆடாதவர்கள். ஆல் டைம் தமிழ்நாடு லெவன் என்று யார் போட்டாலும் இந்த இரண்டு பேரும் வரமாட்டார்கள். நான் போட்டதிலும் வரவில்லை. கோப்பையைத் தூக்கியவர்கள் மட்டும் பட்டியலில் இல்லை. வாசுதேவனை டீம் மானேஜர் என்று ஓரத்தில் எழுதிப் பார்த்தேன். பையன் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "இவர் யாரு?" என்று அவனாகவே தாத்தாவைக் கேட்டான். அன்று வாக்கிங் மூன்று சுற்று.

பன்னிரண்டாவது ஆள் ராபின் சிங். பிறந்தது டிரினிடாடில், ஆனால் ஃபீல்டிங்கில் இவரை வெளியே வைத்து ஒரு சென்னை அணி போட முடியாது.

இன்னும் ஒரு இடம் பாக்கி. வேகப்பந்து. பாலாஜியா, டி.ஏ. சேகரா, சின்னப்பம்பட்டி நடராஜனா என்று ஏரியை இரண்டு நாள் சுற்றினோம். பையன் நடராஜன் என்றான், நியாயம்தான், யார்க்கர் இருக்கிறது. நான் எம்.ஜே. கோபாலன் என்று எழுதிவிட்டேன். ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தைப் போட்டவர். கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936இல் ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி, இன்னொரு பக்கம் இங்கிலாந்து கிரிக்கெட் பயணம். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கத்தோடு வந்தது. இங்கிலாந்தில் அவருக்கு ஒரு டெஸ்ட்டிலும் இடம் கொடுக்கவில்லை.

அந்தப் பயணத்தில் அவரோடு போனவர்களில் ஒருவர் விஜய் மெர்ச்சன்ட். எங்கள் மேட்சில் பம்பாய்க்கு ஆட்டத்தைத் தொடங்க இறங்குபவரும் அவர்தான். புதுப் பந்தை கோபாலன் கையில் கொடுத்திருக்கிறேன், பட்டாபிராமன் கேட் முனையில் இருந்து.